கதவுக்கு அடியில் வெளிச்சம்

மார்ச் 3

அன்புள்ள எலிராணிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே சாமி, உன் அண்ணன், நான் மூவரும் நலம். சாமியைத் தவிர மற்ற இருவருக்கும் முட்டி வலி. எலிகள் நலமா, நீ நலமா என்று விசாரித்து எழுதச் சொன்னார் உன் அண்ணன். இந்த வரிசையில்தான் சொன்னார். நான் மாற்றவில்லை.

கடிதக் கணக்கைப் பார்த்தேன். இந்த வருஷம் நான் போட்டது மூன்று. உன்னிடமிருந்து வந்தது ஒன்று, அதுவும் வாழ்த்து அட்டை. அட்டையை நான் கடிதத்தில் சேர்ப்பதில்லை. "ஆய்வுக்கூடத்துல போனை வாசல்லயே பூட்டி வெச்சுட்டுப் போகணும் அண்ணி, ராத்திரி டியூட்டிக்குக் கடுதாசிதான் தோது" என்று சொன்னவள் நீதான். எனக்கும் அதுதான் தோது. போனில் பேசினால் உன் அண்ணன் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு காதை மட்டும் என் பக்கம் அனுப்பிவிடுகிறார்.

உடம்பைப் பற்றிக் கேட்பாய். சொல்கிறேன். மார்பில் ஆபரேஷன் ஆன இடத்தில் வலி இல்லை. கையை மேல் தட்டு வரைக்கும் தூக்க முடிகிறது. ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக் கடையில் வாங்கிய பஞ்சுத் திண்டுதான் சரிப்படவில்லை. கனமே கிடையாது. குனிந்து நிமிர்ந்தால் கழுத்துப் பக்கம் ஏறி வந்து எட்டிப் பார்க்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே ஒன்று தைத்தேன். மெத்தென்ற பழைய பருத்தித் துணி, உள்ளே கடுகு. கடுகுதான் உடம்போடு உருண்டு படிகிறது, கனமும் சரியாக நிற்கிறது. எத்தனை பிடி என்பதற்கு மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். மறுநாள் உன் அண்ணன் அடுக்களையில் நின்று, "தாளிக்கக் கடுகு எங்க போச்சு?" என்று டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தார். "எங்கிட்டதான் இருக்கு" என்றேன். இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. அப்புறம் தனியாக உட்கார்ந்து சிரித்தார்.

உன் அண்ணன் ஒரு குறை சொல்கிறார். நான் படுத்த படுக்கையாக இருந்தபோது, கும்பிட வசதியாக இருக்கட்டும் என்று நீதானே சாமி அலமாரியைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்து வைத்தாய். திரைச்சீலை பக்கத்தில் தீ வேண்டாம் என்று அவர்தான் எண்ணெய் விளக்குக்குப் பதில் வெள்ளை பல்பு மாட்டினார். எழுந்து நடமாட வைத்தால் இந்த விளக்கை அணைய விடமாட்டேன் என்று நான் வேண்டிக்கொண்டேன். நடமாடுகிறேன், விளக்கும் எரிகிறது. இப்போது அவர், "இது சாமி விளக்கா, பஸ் ஸ்டாண்டு விளக்கா?" என்கிறார். துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுக்கிறார். தண்ணீர் குடிக்க எழுந்தால் கண்ணாமூச்சி ஆடுகிறவர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு போகிறார், அவிழ்க்கச் சோம்பல்.

ஆஸ்பத்திரியில் வருஷப் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டு வேலை ஒழியட்டும், வருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. இதை உன் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணி

*

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

எலிகள் நலம். நானும் நலம். அண்ணன் போட்ட வரிசையிலேயே சொல்லிவிட்டேன்.

வாழ்த்து அட்டையைக் கணக்கில் சேர்க்காதது அநியாயம். அதில் நாலு வரி என் கையால் எழுதியிருந்தேன். கடுகு விஷயத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன். தனியாகச் சிரித்ததைப் பார்த்த காவலாளி, "யாரும்மா, அந்தக் கடுதாசியில?" என்றார். "எங்க அண்ணி" என்றேன். அவர் நம்பவில்லை.

அண்ணி, ஒரு விஷயம் கேட்க வேண்டும். அந்த விளக்கு ராத்திரி முழுக்க எரிகிறதா? உங்கள் தலைமாட்டிலா?

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று ஒரு தடவைகூட நீங்கள் என்னைச் சொல்லவிட்டதில்லை. "எலின்னு சொல்லாதே, உடம்பு கூசுது" என்று வாயை மூடிவிடுவீர்கள். இன்றைக்குக் கூசினாலும் படியுங்கள். நான் இருட்டுக்குக் காவல் இருக்கிறேன். எங்களிடம் இரண்டு எலி அறைகள். இரண்டிலும் ராத்திரி சுத்தமான இருட்டு இருக்க வேண்டும். ஜன்னல் கிடையாது. சாவித் துவாரத்தில்கூடக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. தீனி போட உள்ளே போனால் நெற்றியில் மங்கலான ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். மூன்றாவதாக ஓர் அறை, அதில் மட்டும் ராத்திரியும் விளக்கு எரியும். இருட்டில் இருக்கிற எலிக்கும் வெளிச்சத்தில் இருக்கிற எலிக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் டாக்டரம்மா பார்க்கிறார்.

மூளைக்கு நடுவில் அரிசிப் பருக்கை அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம். எலிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. இருட்டின பிறகுதான் அது கடையைத் திறக்கும். மெலடோனின் என்று ஒரு ஹார்மோனை விடிய விடிய ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கண்ணில் வெளிச்சம் பட்டால் போதும், கடையைச் சாத்திவிடும். வெள்ளை வெளிச்சம் என்றால் இன்னும் சீக்கிரம். தூக்கத்துக்கு மட்டும்தான் அந்த ஹார்மோன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது ரத்தத்தில் இருக்கிறபோது மார்பில் வருகிற கட்டிக்கு வளர்ச்சி மட்டுப்படுகிறது என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். எங்கள் அறைகளிலும் போன சுற்றில் இருட்டில் இருந்த எலிகளுக்குக் கட்டி மெதுவாகத்தான் வளர்ந்தது.

இதைப் படித்ததும் பயப்படாதீர்கள். சாமி அலமாரியைக் கூடத்துக்கு மாற்றுங்கள், போதும். பரிசோதனைக்கும் போய் வாருங்கள். வீட்டு வேலை என்றைக்கு ஒழிந்திருக்கிறது?

உங்கள் எலிராணி

*

மார்ச் 19

அன்புள்ள எலிராணிக்கு,

உன் கடிதம் வந்தது. கூசிக்கொண்டே படித்தேன்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். சாமி விளக்கை எடு என்று உனக்கு எழுத எப்படிக் கை வந்தது? நான் கட்டிலோடு கிடந்தபோது என் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டவள் நீ. தலையில் முடி இல்லாத நாளிலும் சீவுகிற மாதிரி விரலை ஓட்டினவள். அந்த அறையில் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிக் கிடந்தேன் என்று உனக்குத் தெரியும். எலிக்கு ஆகவில்லை என்பதற்காகச் சாமியை இடம் மாற்றச் சொல்கிறாய்.

கோபம் முடிந்தது. இனி சந்தேகம்.

நூலகத்தில் போய் மெலடோனின் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். நூலகர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "சமையல் புத்தகம் அந்தப் பக்கம்மா" என்றார். "சமைக்கத் தெரியும், அதான் இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன். அகராதியை வைத்துக்கொண்டு பாதி படித்தேன். நீ எழுதினது சரியாகத்தான் இருக்கிறது. சாப்பாட்டிலும் கொஞ்சம் கிடைக்கிறது, மாத்திரையாகவும் விற்கிறார்கள் என்று போட்டிருக்கிறது. மாத்திரையே இருக்கும்போது இருட்டு எதற்கு? ஒன்றை விழுங்கிவிட்டு விளக்கடியில் படுத்துக்கொள்கிறேனே. நான் சாப்பிடுகிறதோடு இன்னொன்று, பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

இன்னொன்று. அந்த எலிகளுக்கு இருப்பது என் நோய்தானா? மார்புக் கட்டி என்று எழுதியிருந்தாய். அதை நீங்களே வைத்தீர்களா, தானாக வந்ததா? இதை உன் அண்ணன் இல்லாதபோது எழுதுகிறேன். அவற்றுக்கு வலிக்குமா? நேற்றிலிருந்து வேண்டுதலில் அவற்றையும் சேர்த்திருக்கிறேன். எலி என்று சொல்ல வாய் வரவில்லை. "அந்தப் பிள்ளைகள்" என்று சொல்லிக்கொள்கிறேன்.

விளக்கு இருக்கிற இடத்தில்தான் இருக்கும். அது எரிகிற வரைக்கும் எனக்கு ஒன்றும் வராது. சாமிக்கும் எனக்கும் உள்ள பேச்சு அது. அதனால்தான் பரிசோதனைக்கும் அவசரம் இல்லை என்கிறேன். நன்றாக இருக்கிற பாத்திரத்தை யாராவது தட்டித் தட்டிப் பார்ப்பார்களா?

ராத்திரியெல்லாம் விழித்திருக்கிற உன் சுரப்பி கடையைத் திறக்கிறதா என்று உன் டாக்டரம்மாவைக் கேள்.

உன் அண்ணி

*

மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

நூலகரிடம் சொன்ன பதிலை டாக்டரம்மாவிடம் சொன்னேன். "உங்க அண்ணியை வேலைக்கு எடுத்துக்கலாமா?" என்றார்.

மாத்திரையை வாங்கவே கூடாது. நீங்கள் ஏற்கெனவே சாப்பிடுவது ஈஸ்ட்ரோஜனை அடக்குகிற மாத்திரை. அதோடு எது சேரும், எது சேராது என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடைக்காரரும் சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது. இருட்டுக்கு மட்டும் யாருடைய சீட்டும் வேண்டாம்.

உண்மையையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். எலிகளிடம் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு மனுஷிகளிடம் இன்னும் தெரியவில்லை. பல வருஷம் ராத்திரி வேலை பார்த்த பெண்களுக்கு இந்த நோய் கொஞ்சம் கூடுதல் என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அப்படி ஒன்றும் இல்லை என்று வேறு சில சொல்கின்றன. விளக்கை மாற்றினால் நோய் வராது என்று நான் சொல்லவில்லை. இருட்டு ஒரு சின்னத் துணை, அவ்வளவுதான். பரிசோதனை அப்படி இல்லை அண்ணி. அதற்குப் பதிலாக எதையும் வைக்க முடியாது, விளக்கையும் முடியாது.

பாத்திரம் என்று எழுதினீர்கள். கடையில் புதுப் பாத்திரம் வாங்கும்போது நீங்கள் எப்படிச் சுண்டிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? கடைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார்.

அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டியை இங்கேதான் வைக்கிறார்கள். வலிக்கிற அளவுக்குப் போக விடமாட்டார்கள். அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். நீங்கள் வேண்டிக்கொள்வதை அவற்றிடம் சொன்னேன். ஒன்று மீசையை ஆட்டியது.

எனக்கென்ன, பகலில் கறுப்புத் திரை போட்டுத் தூங்குகிறேன். பக்கத்து வீட்டில் தையல் மிஷின் ஓடாத நாளில் நன்றாகவே தூங்குகிறேன்.

அண்ணி, இன்னும் ஒரு மாதத்துக்குள் நீங்கள் பரிசோதனைக்குப் போகவில்லை என்றால் அண்ணனுக்கு போன் போடுவேன். செருப்போடு வாசலில் நிற்கட்டும்.

உங்கள் எலிராணி

*

ஏப்ரல் 4

எலிராணிக்கு,

உன் அண்ணனிடம் நீ சொல்லக்கூடாது. சொன்னால் உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

விளையாட்டுக்கு எழுதவில்லை. ஆபரேஷன் ஆன அன்றைக்கு ஆஸ்பத்திரி அறையில் மின்சாரம் போயிருந்தது போலிருக்கிறது. எனக்கு நினைவு வந்து கண்ணைத் திறந்தேன். ஒன்றும் தெரியவில்லை. கையைத் தூக்கினால் கை வரவில்லை. கூப்பிட்டால் குரல் வரவில்லை. திறந்தது கண்தானா என்றே தெரியவில்லை. இருட்டு மட்டும் இருந்தது. நான் இருந்தேனா என்று தெரியவில்லை. அப்புறம் நர்ஸ் வந்தாள், வெளிச்சம் வந்தது. எத்தனை நேரம் அப்படிக் கிடந்தேன் என்று யாரிடமும் கேட்கவில்லை.

இதை உன் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. வேண்டுதல் என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

உனக்கு இருட்டு வேலை. எனக்கு வேண்டாம். இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடு.

அண்ணி

*

ஏப்ரல் 26

அன்புள்ள எலிராணிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. தபால்காரரிடம் தினமும் கேட்கிறேன். "இல்லேம்மா" என்று சொல்லிச் சொல்லி அவருக்கே வெட்கமாகி, நேற்று ஒரு தையல் மிஷின் விளம்பரத் தாளைக் கொடுத்து, "இதையாவது வெச்சுக்குங்க" என்றார்.

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "தூங்கறேன் அண்ணி" என்கிறாய். குரல் தூங்கின குரலாக இல்லை. உன் அண்ணனிடம் நீ ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிகிறது. அவர் செருப்பு மூலையில் அப்படியேதான் கிடக்கிறது.

என் கடிதம் காரமாகப் போய்விட்டதா? காரம் நான் எப்போதும் போடுகிறதுதான். நீயும் எப்போதும் தின்கிறவள்தான். பேச்சு இல்லை என்று நான் எழுதினால் அது பேச்சு வேண்டும் என்பதற்காக எழுதுகிறது. இத்தனை வருஷம் ஆகியும் இது தெரியவில்லை என்றால் நீ என்ன நாத்தனார்?

உனக்கு உடம்புக்கு ஏதாவதா? அதையாவது எழுது. ஒன்றே ஒன்று, நலம் என்று ஓர் அட்டை போடு. அதைக் கடிதமாகவே கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணி

*

மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்.

அட்டை என்றால் இத்தோடு நிறுத்தியிருக்கலாம். கோபம் எல்லாம் இல்லை. வெட்கம்தான். நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் சிரிக்கலாம், பரவாயில்லை.

ஏப்ரல் முதல் வாரம் டாக்டரம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். இருட்டு அறை இரண்டில் ஒன்று சரியாக இருந்தது. மற்றொன்றில் எலிகளுக்குக் கட்டி வேகமாக வளர்ந்திருந்தது, கிட்டத்தட்ட விளக்கு அறைப் பிள்ளைகள் மாதிரியே. தீனியைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் அறைக்குள் இருக்கிற வெளிச்சம் அளக்கிற கருவியைக் கழற்றிப் பார்த்தார்கள். ராத்திரியில் உள்ளே வெளிச்சம் விழுந்திருக்கிறது. கொஞ்சம்தான். கண்ணுக்கே தெரியாத அளவு. சில ராத்திரி உண்டு, சில ராத்திரி இல்லை.

எங்கிருந்து என்று தேடினார்கள். கதவுக்கு அடியில் இருக்கிற ரப்பர் பட்டை தேய்ந்துபோயிருந்தது. அதற்கு வெளியே நடையில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு விளக்கு. அந்த விளக்கைப் போட்டுக்கொண்டு யார், எந்த ராத்திரி, என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

அண்ணி, உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இருட்டில் படுங்கள், இருட்டில் படுங்கள் என்று உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேனே, அந்த வெளிச்சம்தான் கதவுக்கு அடியில் புகுந்து அந்தப் பிள்ளைகளின் இருட்டைக் கெடுத்திருக்கிறது. அனுப்பினது இரண்டுதான். கிழித்துப் போட்டது எத்தனையோ. உங்களுக்கு எழுதுவது சுலபம் இல்லை.

வேலை போய்விடும் என்றே நினைத்தேன். டாக்டரம்மா தேய்ந்த ரப்பர் பட்டையைக் குனிந்து பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"யாருக்கும்மா இவ்வளவு எழுதின? காதலா?"

"இல்ல டாக்டர். எங்க அண்ணிக்கு."

"நாத்தனார் அண்ணிக்கா? ராத்திரி கண்ணு முழிச்சா?"

"ஆமா டாக்டர்."

"எலியை எல்லாம் விடு. முதல்ல உங்க ரெண்டு பேரை வெச்சு ஆராய்ச்சி பண்ணணும்."

அப்படிச் சொன்னாலும் அந்த அறை வேலை முழுக்க வீண். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். என்னைப் பகல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனை என்றுதான் நினைத்தேன். முதல் நாள் ராத்திரி படுத்து, காலையில் எழுந்து ஜன்னலைப் பார்த்தால் சூரியன். எனக்கு ஒரே அதிசயமாகப் போய்விட்டது.

புது ரப்பர் பட்டை வரவில்லை. வருகிற வரைக்கும் பழைய சாக்கைச் சுருட்டிக் கதவடியில் வைத்திருக்கிறோம். யார் திறந்தாலும் நகர்ந்துவிடுகிறது. அகலம் நம் வீட்டுப் படுக்கையறைக் கதவு அளவுதான் இருக்கும். இத்தனை பெரிய ஆராய்ச்சி, ஒரு சாக்கில் நிற்கிறது.

நீங்கள் ஆஸ்பத்திரி இருட்டைப் பற்றி எழுதின கடிதம் இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் வந்தது. பையிலேயே வைத்திருக்கிறேன். அதற்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. இருட்டைப் பற்றி உங்களுக்கு ஏதோ தெரிந்தவள் மாதிரி எழுதிவிட்டேன்.

உங்கள் எலிராணி

*

மே 10

அன்புள்ள எலிராணிக்கு,

சிரித்தேன். அப்புறம் உனக்காக வருத்தமும் பட்டேன். ஆனால் சிரிப்புதான் முதலில் வந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீ பகல் வேலைக்கு வர வேண்டும் என்று மூன்று வருஷமாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை. எந்த விளக்கை எடுக்கச் சொன்னாயோ அந்த விளக்கு செய்த வேலை அது. இதை வரவில் எழுதிக்கொள்.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. கதவடியில் வைக்கிற உருளை. கறுப்புத் துணி, இரட்டை மடிப்பு. கடுகு வைத்தால் உன் பிள்ளைகள் தின்றுவிடும் என்று சலித்த மணல் திணித்திருக்கிறேன். மார்புத் திண்டு தைத்த கைக்கு இது ஒன்றும் பெரிதில்லை. இங்கேயும் கனம்தான் விஷயம். குறைந்தால் நகர்ந்துவிடும், கூடினால் விறைத்துக்கொண்டு தரையோடு படியாது. இரண்டு பக்கமும் வார் வைத்திருக்கிறேன். கதவோடு கட்டிவிட்டால் திறக்கும்போது கூடவே வரும், மூடும்போது தானாக உட்காரும்.

இது சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? நீதான் நம் படுக்கையறைக் கதவு அளவு என்று எழுதினாயே. அதிலேயே கட்டிப் பார்த்தேன். வெளியே நல்ல வெளிச்சம் இருக்க வேண்டும், உள்ளே ஒன்றும் இருக்கக்கூடாது. இந்த வீட்டில் நல்ல வெளிச்சம் என்றால் ஒன்றுதானே. உன் அண்ணனைக் கூப்பிட்டு, "சாமியைக் கொஞ்ச நேரம் கூடத்துல வைங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எலிக்காக" என்றேன். "எலிக்குன்னா சரி" என்று அலமாரியோடு தூக்கிக்கொண்டு போனார். எனக்காக என்றால் நூறு கேள்வி கேட்பார்.

பொழுது சாய்ந்த பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை இருந்தது. எங்கே வெளிச்சம் கசிகிறது என்று தேடினேன். வலது மூலையில் ஒரு கோடு. வெளியே வந்து பிரித்து, மணலை அந்தப் பக்கம் தள்ளித் தைத்தேன். திரும்ப உள்ளே போனேன். நின்றால் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள் நின்றா பார்க்கும்? தரையோடு அல்லவா பார்க்கும்? அதனால் தரையில் படுத்துக் கன்னத்தை வைத்து அவற்றின் கண் மட்டத்தில் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. நன்றாக வந்திருக்கிறது என்று பெருமையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று கிடந்தேன்.

அப்புறம் கதவை யாரோ தள்ளுகிற சத்தம். உன் அண்ணன். மறுபடி தைத்த பிறகு வாரைக் கதவோடு கட்டாமல் விட்டிருந்தேன், உருளை உள்பக்கம் இறுகிக்கொண்டு திறக்கவில்லை. "என்னாச்சு? என்னாச்சு?" என்று வீட்டையே கூட்டிவிட்டார். முட்டி வலிக்காரர் கதவை உதைத்துத் திறந்தார். விளக்கு வெளிச்சத்தோடு உள்ளே விழுந்தார். நான் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

"என்னடி, மயக்கமா?"

"தூங்கிட்டேன்."

"தரையிலயா?"

"எலி எப்படிப் பாக்கும்னு பாத்தேன்."

அவர் அங்கேயே என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. ஆஸ்பத்திரி இருட்டைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். பரிசோதனைக்குக் கூப்பிட்டதையும் சொன்னேன். அவர் எழுந்து போய்ச் செருப்பை எடுத்துக் கட்டிலடியில் கொண்டுவந்து வைத்தார். காலையில் தேடக்கூடாதாம்.

உருளையைத் துவைக்கலாம், சாயம் போகாது.

உன் அண்ணி

*

மே 21

அன்புள்ள அண்ணிக்கு,

இதைப் பட்டப்பகலில், ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உருளை வந்து சேர்ந்தது. வெளியிலிருந்து வருகிற எதையும் அப்படியே எலி அறைப் பக்கம் விடமாட்டார்கள். நீராவியில் வேகவைத்துத்தான் விட்டார்கள். உங்கள் தையல் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. கருவியை உள்ளே வைத்து ஒரு வாரம் பார்த்தார்கள். ராத்திரி முழுக்கப் பூஜ்யம். டாக்டரம்மா வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, மற்ற இருட்டு அறைக்கும், வெளிச்சம் வெளியே கசியாமல் இருக்க விளக்கு அறைக்கும் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார். "ரப்பர் பட்டை வேண்டாம், ஆர்டரை ரத்து பண்ணு" என்று ஆபீசில் சொல்லிவிட்டார். தரையில் படுத்துப் பார்த்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை அண்ணி. "நாங்க யாரும் அப்படிப் பாக்கலையே" என்றார். பிறகு அவரே வெள்ளைக் கோட்டோடு தரையில் படுத்துப் பார்த்தார். பின்னாலேயே நாங்கள் எல்லாரும் வரிசையாக.

பரிசோதனை என்ன ஆயிற்று? போனில் அண்ணன், "அவளே எழுதுவா" என்கிறார். குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் உடனே எழுதுங்கள். இனிமேல் ராத்திரி எல்லாம் எனக்குச் சொந்தம், எப்போது வேண்டுமானாலும் கிளம்பி வருவேன்.

உங்கள் எலிராணி

*

மே 29

அன்புள்ள எலிராணிக்கு,

ஒன்றும் இல்லை. நல்லபடியாக இருக்கிறதாம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டி, "சுத்தமா இருக்கும்மா, அடுத்த வருஷம் வாங்க" என்றார். அடுத்த வருஷத் தேதியை அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டேன். மெலடோனின் பற்றி நாலு கேள்வி கேட்டேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார். நீ சொன்ன மாதிரியேதான் சொன்னார், மாத்திரை வேண்டாம், இருட்டில் படுப்பதில் தப்பே இல்லை என்று. என் கடுகுத் திண்டைப் பார்த்துவிட்டு, தன்னிடம் வருகிற இன்னும் இரண்டு பெண்களுக்குத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். உன் டாக்டரம்மாவுக்கு வேறு இரண்டு உருளை. வீட்டில் கடுகும் இல்லை, மணலும் இல்லை. உன் அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

உனக்கு அனுப்பினது போக ஒன்று எனக்கும் தைத்துக்கொண்டேன். அது இப்போது நம் படுக்கையறைக் கதவில் இருக்கிறது.

சாமி கூடத்திலேயே இருக்கிறார். திரும்பக் கொண்டுவந்து வைக்கவா என்று உன் அண்ணன் கேட்டார். நான் சாமியிடமே போய்ச் சொன்னேன். நீங்கள் இங்கே விளக்கோடு இருங்கள், நான் உள்ளே இருக்கிறேன், பயமாக இருந்தால் கூப்பிடுகிறேன் என்று. விளக்கு அணையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் எரிகிறது, எனக்குத் தெரியும். பார்க்க வேண்டும் என்று இல்லை.

முதல் இரண்டு நாள் உன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு படுத்தேன். அவருக்குக் கை மரத்துப்போனது. மூன்றாம் நாள் விட்டுவிட்டேன்.

இன்றைக்கு விழிப்பு வந்து கண்ணைத் திறந்தேன். ஒன்றும் தெரியவில்லை. கையைத் தூக்கினேன், வந்தது. நல்ல இருட்டு. நான் இருந்தேன்.

கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்துவிட்டு, எழுந்து பால் காய்ச்சினேன். காய்ச்சிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

உன் பிள்ளைகளுக்கு என் வேண்டுதல் தொடரும். வருகிறேன் என்று எழுதினாயே, வா. கூடத்தில் சாமிக்குப் பக்கத்தில் உனக்குப் படுக்கை போடமாட்டேன். உள்ளே என் பக்கத்தில் போடுகிறேன்.

உன் அண்ணி

பி.கு. விளக்குதான் கூடத்துக்குப் போய்விட்டதே என்று உன் அண்ணனின் துண்டைத் துவைத்து மடித்து வைத்தேன். ராத்திரி தேடி எடுத்துக் கண்ணில் கட்டிக்கொண்டு படுக்கிறார். அது இல்லாமல் தூக்கம் வரவில்லையாம். இதற்கு ஏதாவது ஆராய்ச்சி உண்டா என்று உன் டாக்டரம்மாவைக் கேட்டு எழுது.